பழனாத்தாள் கழுவிய பேனல்கள்

மூன்று வருடமாக லோகப்பிரியா தன் ஷெட்டில் ஒரே ஒரு பூச்சைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சோலார் பேனல் கண்ணாடியில் பூசினால் தூசி ஒட்டாது, மின்சாரம் குறையாது என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் எல்லோரும் காபி கொடுத்து அனுப்பினார்களே தவிர, ஒருவரும் ஆர்டர் கொடுக்கவில்லை. கடைசியாகப் பெரியநாயக்கன்பாளையத்து மில்காரர் ரங்கராஜ்தான், "கண்ணுல பாத்தா வாங்கிக்கறனுங்க" என்றார். இதுவும் கைநழுவினால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கண்ணில் காட்டுவதற்காகவே நஞ்சுண்டனின் கோழிப்பண்ணைக் கூரையைப் பிடித்தாள். இடப்பக்கம் பத்து பேனலுக்குப் பூச்சு, வலப்பக்கம் பத்து சும்மா. மூன்று மாதம் யாரும் துடைக்கக் கூடாது என்று நஞ்சுண்டனிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாள். தீவனத் தூளும் இறகும் படிந்து வலப்பக்கம் கண்றாவியாகிக்கொண்டே வந்தது. வாரம் ஒருமுறை வந்து அந்த அழுக்கை ஆசை ஆசையாகப் பார்த்துவிட்டுப் போவாள்.

ரங்கராஜ் வரும் நாளும் வந்தது. வாசலிலேயே நஞ்சுண்டனின் மனைவி பழனாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"ஏனுங் கண்ணு, பெரிய மனுசரு வாராருங்களாமா! கூரை அழுக்கா கெடந்தா நம்மூட்டுக்குத்தானுங்களே மானக்கேடு? காத்தால வெள்ளனவே ஏறி, இருவதையும் போர் தண்ணியில கழுவி உட்டுப்போட்டனுங்க!"

லோகப்பிரியாவின் மூன்று மாத அழுக்கு ஒரே காலையில் போயே போய்விட்டது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றால், அதற்குள் மோர் டம்ளர் கைக்கு வந்துவிட்டது. ஒருவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே அவரை எப்படித் திட்டுவது?

கார் வந்தது. ரங்கராஜ் ஏணியில் ஏறினார். பின்னாலேயே ஏறிய லோகப்பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க, வலப்பக்கம் மட்டும் இப்படி வெள்ளை பூத்துக் கெடக்குது?"

திறந்து பார்த்தாள். போர் தண்ணீரின் உப்பு வெயிலில் காய்ந்து வலப்பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. இடப்பக்கம் பூச்சின் மேல் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடியிருந்தது. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். தூசியையே கட்டிக்கொண்டு அழுதவளுக்கு இந்த உப்பு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ரங்கராஜ் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"எங்க மில்லுலயும் இதே தண்ணிதானுங்க. கழுவிக் கழுவியே கண்ணாடி பாழாப்போச்சு."

கீழிருந்து பழனாத்தாள் பதறினாள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானுங்க கழுவுனேன்! இருங்க, இன்னொருக்கா கழுவிப்போடறேன்!"

"வேண்டாமுங்க!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"மில்லுக் கூரை பூராத்துக்கும் பூசிப்போடுங்க அம்மணி" என்றார் ரங்கராஜ்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் லோகப்பிரியா ஏணியில் இறங்கித் தரைக்கு வந்திருந்தாள். பழனாத்தாளை இடுப்போடு தூக்கி ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"எறக்கி உடுங்க கண்ணு! பெரிய மனுசரு பாக்கறாரு!"