பசியெடுக்காத மாத்திரை

விடிந்தும் மலைக்குளிர் எலும்பைக் குத்தியது. பனி சொட்டும் ஏலச்செடித் தூருக்குள் குத்தவைத்து, அட்டை கடிக்கக் கடிக்க விளைந்த காயாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தாள் முத்துப்பேச்சி. பக்கத்து நிரை காலி. ஆனாலும் அங்கே யாரோ காய் கிள்ளுகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. அந்த நிரையில் கிள்ளிவந்த குருவம்மாள்தான். செத்து முப்பது நாளாகியும் அவள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள்.

எழுபத்தெட்டாம் வருசம் முதலாளி ராஜாராம், சத்து மாத்திரை என்று காலையில் ஆளுக்கொன்று கொடுக்க ஆரம்பித்தார். தின்றால் பசிக்காது, மத்தியானச் சோற்றுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. மகராசன் என்று கும்பிட்டார்கள், பாவிகள்! குருவம்மாளுக்கு ஊதினால் பறக்கிற உடம்பு. அவள் தேறட்டுமென்று பல நாள் தன் மாத்திரையையும் அவளுக்கே கொடுத்தாள் முத்துப்பேச்சி. போன மாசம் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த குருவம்மாள், மதுரைக்குத் தூக்கிப்போயும் பிழைக்கவில்லை. மாத்திரையைப் பார்த்த டாக்டர் தலையிலடித்துக்கொண்டார்.

"இது குண்டானவங்க மெலியறதுக்கும்மா! பசியைக் கொல்லும், இருதயத்தைக் கெடுக்கும்."

சோத்துக்கு வழியில்லாதவர்களுக்கு மெலிய மருந்து! நாசமாய்ப் போக.

குருவம்மாள் சாவுக்கு நஷ்டஈடு கேட்கும் மனுவோடு தொழிலாளர் சங்கத்து மொக்கச்சாமி அன்றைக்குக் காட்டுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே முதலாளியின் ஜீப்பு. இறங்கியதும் கத்தினார்.

"நான் குடுத்தது ஒண்ணு, அவ தின்னது ரெண்டுன்னு எனக்கும் சேதி வந்துச்சு. ரெண்டாவதக் குடுத்தவ யாரு? அவளத்தான் போலீசு பிடிக்கும். மனுவக் கிழிச்சிட்டுச் சோலியப் பாருங்க."

வாயை மூடிக்கொண்டால் முத்துப்பேச்சி தப்பிக்கலாம். ஜெயிலுக்குப் போனால் வீட்டில் யார் உலை வைப்பது?

"நாந்தேன் குடுத்தேன். எழுதிக்கங்கண்ணே," என்றாள். "மத்த நாளு நானும் தின்னேன். படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. சோலி போயிருமேன்னு சொல்லல."

முதலாளி சிரித்தார். "கேட்டியா மொக்கச்சாமி? அவளே ஒத்துக்கிட்டா."

"அவ கையில அதக் குடுத்தது யாரு மொதலாளி?" பின்னால் காய் கிள்ளிக்கொண்டிருந்த மாயக்காள் கூடையைக் கீழே வைத்தாள். "எனக்குந்தேன் அடிக்குது. என் பேரையும் எழுதுங்கண்ணே."

தூருக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாய் எழுந்து வந்தார்கள். ஒருத்திக்கு மயக்கம், ஒருத்திக்குக் கை நடுக்கம். அடிப்பாவிகளா, இத்தனை நாளும் ஒருத்திக்கொருத்தி மறைத்தே வைத்திருந்தார்கள்!

"எல்லாரும் மலைய விட்டு எறங்குங்க! நாளைக்கு வேற ஆளு கொண்டாறேன்," என்று கத்தினார் முதலாளி.

"கொண்டாங்க. அவுககிட்டயும் சொல்லுவோம்," என்றாள் முத்துப்பேச்சி.

வழக்கு எத்தனை வருசம் இழுக்குமோ, ஜெயிக்குமோ தோற்குமோ, யார் கண்டது? கோர்ட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பதினோரு பெண்களும் மனுக் கொடுக்க அடிவாரத்துப் போடிக்கு நடந்தே இறங்கினார்கள். ஒருத்திக்கு மூச்சு வாங்கினால், மற்ற பத்துப் பேரும் நின்றார்கள்.