மீரா உசேன் சுடாத மிருகம்

செவ்வந்தியும் அவள் புருஷன் முருகையனும் வந்து நின்ற காலையில், மீரா உசேன் தன் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காத மனுஷன், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு வெட்டிவிட்டார். பக்கத்தில் சவுக்குக் கட்டைகள் அடுக்கியிருந்தன. முருகையன் குழியை எட்டிப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நாங்க வந்து கேக்குறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிட்டீங்களா பாய்? ஆனா ஆழம் பத்தாதுங்க. எகிறிடும்."

மீரா உசேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது ரொட்டி சுடுகிற குழி. இரும்புப் பானையில் மாவை வைத்து மூடி, கங்குக்குள் புதைத்து எடுப்பது. ரொட்டி எதற்கு எகிறப் போகிறது?

"பன்னியச் சொல்றேன் பாய்," என்றான் முருகையன்.

இந்தக் குழப்பத்துக்கு அஸ்திவாரம் பக்கீர் முகம்மதின் டீக்கடையில் போடப்பட்டது. மீரா உசேன் இளவட்டமாக இருந்தபோது நாகப்பட்டினத்தில் கப்பல் சமையல்காரராக ஏறி, ஆப்பிரிக்கக் கரையில் பெய்ரா துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரொடீஷியாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். ஹாரிஸ் என்றொரு வெள்ளைக்காரர் பணக்கார அமெரிக்கர்களைக் காட்டுக்குள் வேட்டைக்கு அழைத்துப் போவதைத் தொழிலாக வைத்திருந்தார். தடம் பார்ப்பது, மிருகத்தைக் கண்டுபிடிப்பது, விருந்தாளியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் ஹாரிஸ் வேலை. விசையை இழுப்பது மட்டும் விருந்தாளியின் வேலை. விழுந்த மிருகத்தைச் சமைப்பது மீரா உசேனின் வேலை. இத்தனை வருஷத்தில் அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. சத்தம் கேட்டால் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார்.

ஊருக்கு வந்த மறுநாள் டீக்கடையில் யாரோ கேட்டார்கள். "வேட்டை கேம்ப்ல இருந்தீங்களாமே பாய், என்னென்ன சுட்டிருக்கீங்க?"

"எருமை சுட்டிருக்கேன். மான்ல எத்தனை வகை உண்டோ அத்தனையும் சுட்டாச்சு. வரிக்குதிரை ஒரு தடவை."

"சிங்கம்?"

"சிங்கத்தை யாருப்பா சுடுவா? நாத்தம் தாங்காது."

சிங்கத்தையே நாற்றம் என்று ஒதுக்கிவிட்ட ஆள் நம் ஊரில் நம் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்ற மரியாதை எல்லார் முகத்திலும் ஏறியது. பொழுது சாய்வதற்குள் சேதி கடைமடைக் கிராமங்கள் முழுக்கப் பரவிவிட்டது. சமையல்காரனுக்குச் சுடுவது ஒன்று, வேட்டைக்காரனுக்குச் சுடுவது வேறொன்று. தமிழ் இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டது.

கொல்லையில் முருகையன் கெஞ்சிக்கொண்டிருந்தான். "மூணு மா சம்பாங்க. கதிர் முத்திருச்சு, பொங்கல் கழிஞ்சா அறுப்புதான். பன்னிக் கூட்டம் தாழங்காட்டுல படுத்துக்கிட்டு பொழுது போனா இறங்கிடுது. நீங்க ஒண்ணே ஒண்ணு சுட்டா மத்ததெல்லாம் ஓடிரும்."

"பன்னி நான் சுடுறதில்லப்பா. அங்கயே துரைமாரு எவ்வளவோ கேட்டாங்க. வேற ஆள பாத்துக்கங்கன்னுட்டேன்."

"மார்க்கத்துக்கு ஆகாதுன்னு தெரியும் பாய். நீங்க கறியத் தொடவே வேணாம், கறிய நாங்க பாத்துக்கிறோம். நீங்க சுட்டுக் குடுத்தா போதும்."

"கறிய நீங்க பாத்துக்கிட்டா அப்புறம் நான் எதைச் சுடுறது?"

இதுவரை வாய் திறக்காத செவ்வந்தி, குழியையும் இரும்புப் பானையையும் அவர் கையில் ஒட்டியிருந்த மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாய், நாங்க துப்பாக்கியச் சொல்றோம்," என்றாள் மெதுவாக.

சமையற்கட்டு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மீரா உசேனின் மனைவி கமருன்னிஸாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இவரு சுட்டதெல்லாம் ரொட்டியும் கறியும்தான்மா. பட்டாசு வெடிச்சாலே காதப் பொத்திக்குவாரு. இவரப் போயி..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மீரா உசேனும் சிரித்தார். முருகையனுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. செவ்வந்தி மட்டும் குழி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், சிங்காரவேலு பண்ணையின் நிலம். அதில் செவ்வந்தியின் மாமனார் காலத்திலிருந்தே குத்தகைச் சாகுபடி நடந்துவந்தாலும் காகிதத்தில் ஒரு எழுத்து இருந்ததில்லை. புது ஆட்சி வந்து குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யச் சட்டம் போட்டதும், விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் துணைக்கு வர, செவ்வந்தி தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து தன் பேரைப் பதிந்துவிட்டாள். பதிந்த அன்று ஆபீஸ் வாசலில் சிங்காரவேலு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார், "பேரை எழுதிக்கலாம். நெல்ல பன்னி அறுத்துக்கும்." பேர் ஏறிய பிறகு இது முதல் வெள்ளாமை. குத்தகை நெல்லை அளக்க முடியாமல் போனால் நிலத்திலிருந்து இறக்கிவிடக் குத்தகைச் சட்டத்தில் வழி இருந்தது. பன்றிகள் அந்த வழியைத்தான் உழுதுகொண்டிருந்தன.

செவ்வந்தி இதைச் சொல்லி முடித்ததும் மீரா உசேனுக்குச் சிரித்தது குற்றமாகப்பட்டது. தன் வாயால் வந்த வினை என்று மனசு அடித்துக்கொண்டது. "ஊர்ல யாருகிட்டதான் துப்பாக்கி இருக்கு தங்கச்சி?"

"சிங்காரவேலு ஐயாகிட்ட. லைசென்ஸ் துப்பாக்கி, ரெட்டைக் குழல். மாட்டி வச்சிருக்காரு, தொடைச்சுத் தொடைச்சுப் பாப்பாரு."

"சுடுவாரா?"

"கொக்கு சுட்டிருக்காருன்னு சொல்லிக்குவாரு. ஆனா என் வயலுக்கு அவரு எங்க வருவாரு?"

மீரா உசேன் கையில் ஒட்டியிருந்த மாவை உதிர்த்தார். "கேம்ப்புக்கு வர்ற துரைமாருல பாதிப் பேருக்கு சுடவே தெரியாதும்மா. அவங்களுக்கு வேண்டியது துப்பாக்கி இல்ல, கூட்டிக்கிட்டுப் போறதுக்கு ஒரு ஆளு. அதுக்குத்தான் அவ்வளவு தூரம் வர்றாங்க."

செவ்வந்தி நிமிர்ந்தாள். அழுதுவிடுவாள் போலிருந்த முகத்தில் வேறொன்று ஓடியது. "அப்ப நீங்க சமையக்காரருன்னு ஊருக்குத் தெரிய வேணாம் பாய்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"யாரு சொல்லச் சொன்னா? டீக்கடைல என்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்க."

அப்படியே ஆனது. மீரா உசேன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனார். சங்கம் வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றவர்கள் இப்போது கூலி பேசிவிட்டு வந்தார்கள். 'ஆண்டே' என்று விளித்த செவ்வந்தி 'ஐயா'வோடு நிறுத்திக்கொண்டதைச் சிங்காரவேலு மாதக்கணக்கில் பேசித் தீர்த்திருந்தார். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆப்பிரிக்க வேட்டைக்காரர் தேடி வந்தால் எப்படி இருக்கும்? நாற்காலி வந்தது, காபி வந்தது, எருமையைப் பற்றிய கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மீரா உசேன் மனசாட்சி உறுத்தாமல் பதில் சொன்னார். எருமைக்குத் தோள்பட்டைதான் நல்ல இடம் என்றார். அவசரப்படக்கூடாது, நிதானம் வேண்டும் என்றார். சிங்காரவேலு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"கேம்ப் முறைப்படி மொத வேட்டு விருந்தாளிதான் போடணும்ங்க. கூட்டிக்கிட்டுப் போறவன் போடக்கூடாது. இந்த ஊர்ல விருந்தாளின்னா உங்களத் தவிர யாரு இருக்கா?"

"எந்தப் பக்கம் பாய்?"

"தாழங்காடு."

"அது அந்தச் செவ்வந்தி வயலை ஒட்டியில்ல இருக்கு."

"இருக்கட்டுமே. பன்னி பதிவு பாத்தா படுக்குது?"

சிங்காரவேலு வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

வேட்டை நாள் காலை வெயில் ஏறும்போது தாழங்காட்டோரம் ஒரு திருவிழா கூடியிருந்தது. காடு கலைக்கத் தகர டின்னும் பறையுமாக வந்தவர்கள் எல்லாம் சங்கத்து ஆட்கள். போன வருஷம் கூலி உயர்வு கேட்டு அதே டின்களைச் சிங்காரவேலு வீட்டு வாசலில் தட்டியவர்கள். அவர் அவர்களைப் பார்த்தார், அவர்கள் அவரைப் பார்த்தார்கள். யார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று தெரியாமல் எல்லாரும் நின்றபோது மீரா உசேன் அங்கேயே வெட்டியிருந்த குழியிலிருந்து ரொட்டிப் பானையைத் தூக்கி மூடியைத் திறந்தார். வாசனை காடு முழுக்க எழுந்தது. ஒரே கத்தியால் அறுத்து, ஒரே தட்டில் அடுக்கி, விருந்தாளிக்கு முதலில் நீட்டி, அதே தட்டை அடுத்து டின்காரர்களிடம் நீட்டினார். டம்ளரும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. சிங்காரவேலு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"கேம்ப் முறைங்க," என்றார் மீரா உசேன்.

ஆப்பிரிக்க முறை என்றால் என்ன செய்வது? சிங்காரவேலு ரொட்டியைக் கடித்துக்கொண்டார். அது வேறு அவ்வளவு ருசியாக இருந்தது.

ஹாரிஸ் துரை புறப்படுமுன் சாம்பலைத் தூவிக் காற்றுப் பார்ப்பதை மீரா உசேன் தினமும் கவனித்திருந்தார். பார்த்து என்ன முடிவு செய்வார் என்பதைத்தான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் முறை முறைதான் என்று ஒரு பிடி சாம்பலை அள்ளித் தூவினார். அது நேராகப் போய் விருந்தாளியின் கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே சிங்காரவேலு துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து வரப்பில் நின்றார். மறுகோடியில் பறை அதிர்ந்தது, டின்கள் முழங்கின, தாழைக்குள்ளிருந்து ஒரு கிழட்டு ஆண் பன்றி புழுதி பறக்கப் பாய்ந்தது. இரண்டு குழலும் ஒரே நேரத்தில் வெடித்தன. வேட்டு இரண்டும் வானத்துக்குப் போக, சிங்காரவேலு பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தார். மீரா உசேன் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். சத்தத்தில் மிரண்டு திரும்பிய பன்றி, முருகையன் கட்டியிருந்த வலையில் போய் விழ, அவன் ஈட்டியை இறக்கினான். பின்னால் வந்த பன்றிக் கூட்டம் முழுதும் உப்பளத்தைத் தாண்டிக் கோடியக்கரைக் காட்டைப் பார்த்து ஓடியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிங்காரவேலு வந்து சேர்ந்தபோது பன்றி கிடந்தது, சுற்றி ஊர் நின்றது. "பட்டுச்சா?" என்று கேட்டார். முருகையன் "நான்தான்..." என்று ஆரம்பித்தான். செவ்வந்தி அவன் காலை மிதித்தாள்.

"வேட்டு யாருதோ வேட்டை அவங்களுது," என்றார் மீரா உசேன். "கேம்ப்ல அதுதான் வழக்கம். தலை விருந்தாளிக்கு, கறி ஊருக்கு."

சிங்காரவேலுவின் முகத்தில் படர்ந்த சந்தோஷத்தைப் பார்த்துச் செவ்வந்திக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. உடம்பெல்லாம் சேறு, கண்ணெல்லாம் சிவப்பு, ஆனால் பொங்கலுக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி நின்றார். பறைக்காரர் ஒருவர் அவருக்காக ஒரு சுற்று அடித்தார். அவர் அதற்குச் சரியாகத் தாளம் போட்டார்.

அதோடு அவர் விடவில்லை. ஓடின கூட்டம் திரும்பும், வேட்டைக்காரன் இருக்கும்போது பயிர் அழியலாமா என்று மறுநாள் பொழுது சாய்கையில் துப்பாக்கியோடு வந்தார். வீட்டு நாற்காலியை ஆள் விட்டுக் கொண்டுவரச் செய்து, பன்றிகள் உழுது திட்டாக்கியிருந்த நடுவயலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அறுப்பு வரைக்கும் ராத்திரிதோறும் வந்து, விடிய விடிய இருமினார், பாட்டுப் பாடினார், ஆளில்லாத திசைகளை அதட்டினார். அந்தப் பாட்டைக் கேட்டுப் பன்றி என்ன, நரிகூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. யார் வயலுக்கு யார் காவல் என்று டீக்கடை சிரித்துக் கிடந்தது. அவர் காதுக்கு அது எட்டவில்லையா, எட்டியும் காவல் ருசித்துவிட்டதா என்பது யாருக்கும் தெரியாது. மீரா உசேன் காலையில் சுடச்சுட ரொட்டி கொண்டுவந்து கொடுப்பார். இருவரும் வரப்பில் உட்கார்ந்து எருமையைப் பற்றிப் பேசுவார்கள்.

தை பிறந்து அறுப்பு வைத்த அன்று, பெண்கள் விடியலிலேயே அருவாளோடு இறங்கிவிட்டார்கள். சிங்காரவேலு நாற்காலியில் சாய்ந்து, துப்பாக்கியை மடியில் போட்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. சுற்றி அறுத்துக்கொண்டே வந்தார்கள். அரி அரியாக நெல் சாய்ந்தது, வயல் வெளுத்துக்கொண்டு வந்தது. வெயில் ஏறியபோது மூன்று மாவும் அறுபட்டு, நாற்காலியைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கதிர் நின்றது. செவ்வந்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா."

அவர் கண்ணைத் திறந்தார். நாலாபக்கமும் பார்த்தார். கடைசியில் அவள் கையிலிருந்த அருவாளைப் பார்த்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க ஐயா. என் நெல்ல அறுக்கணும்."

சிங்காரவேலு எழுந்தார். ஆளைக் கூப்பிடத் திரும்பினார். எல்லாரும் கட்டுத் தூக்கப் போயிருந்தார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டினார். நாற்காலியைத் தானே தூக்கித் தலையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அறுத்த நெல்தாள் காலில் குத்தாமல் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து, வரப்பை நோக்கி நடந்தார். செவ்வந்தி குனிந்து முதல் பிடியைச் சேர்த்துப் பிடித்தாள்.