ஆர்டிஸின் கொட்டகை ரேடியோ

வாஷிங்டனில் நான் பேசியது மூன்றே நிமிடம். அதற்குள் ஆர்டிஸின் முகத்தில் விழிக்க முடியாதவனாகிவிட்டேன்.

ஐயோவாவில் அவள் பண்ணைக்கும் என் பண்ணைக்கும் நடுவே ஒரு வேலிதான். கூண்டில் அடைத்து வளர்த்த பன்றியின் இறைச்சியை விற்கக் கூடாதென்று கலிபோர்னியாவில் சட்டம் வந்தபோது, அவளை நச்சரித்தவன் நான்தான். "கூண்டையெல்லாம் பிடுங்கிப் போடு, ஆர்டிஸ். அந்தச் சந்தை உன்னைத் தேடி வரும்." புருஷன் போன பிறகு தனியாகப் பண்ணையை நடத்துகிறவள். ஒரு வாரம் யோசித்தாள், பிடுங்கினாள். சினைப்பன்றிகள் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க ஒரு ரேடியோ வாங்கி நானே அவள் கொட்டகையில் மாட்டினேன். என் கூண்டுகளை மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன்.

பிறகு மத்திய விவசாய மசோதாவில் ஒரு பிரிவு வந்தது. இன்னொரு மாநிலத்தில் வளர்த்த பன்றிக்கு எந்த மாநிலமும் அப்படி நிபந்தனை போட முடியாது. அதற்கு ஆதரவாக வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்லப் பன்றி வளர்ப்போர் சங்கத்துக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தேன்: "என் பக்கத்துப் பண்ணையில் கூண்டை எடுத்தார்கள். இப்போது பன்றிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன."

பச்சைப் பொய். பேர் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ரேடியோவின் மத்தியானப் பண்ணைச் செய்தியில் அதைப் போடுவார்கள், அந்த நேரத்தில் எங்கள் பக்கம் எல்லாக் கொட்டகையிலும் அதுதான் ஓடும் என்பது மறந்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் அவளிடம் போனேன். தீவனம் கொட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ ஓடவில்லை.

"அது வந்து, ஆர்டிஸ்... அவங்க எழுதிக் கொடுத்தது."

"குரல் உன்னோடதுதானே, ஹார்லன்?"

நான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"பொய் சொல்றதுக்கு வாஷிங்டன் வரைக்கும் போகணுமா? இங்கயே சொல்லியிருந்தா பன்னிங்களாவது சிரிச்சிருக்கும். அந்தச் சட்டம் வந்துட்டா கூண்டுப் பன்னியே அங்க மலிவா விக்கும், என்கிட்ட எவன்பா வாங்குவான்?"

"தப்புதான்."

"உள்ள வா. கடிச்சுக் குதறுறது எதுன்னு காட்டு."

தடுப்பைத் தாண்டி உள்ளே போனேன். பெரிய பன்றி ஒன்று வந்து என் பூட்ஸை முகர்ந்தது. பிறகு என் காலடியிலேயே வைக்கோலில் சாய்ந்து படுத்துக்கொண்டது. வெட்கத்தில் என் காது சுட்டது.

ஆர்டிஸ் ரேடியோவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"உன் கொட்டகையில மாட்டு. கூண்டுல கிடக்கிறதுங்க கேக்கட்டும், நீ என்ன பேசறேன்னு."

வாங்கிக்கொண்டேன். வேலியைக் கடக்கும்வரை திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.