கேற்றில் கட்டிய வாழைமரங்கள்

சிவகரன் கேற்றின் இரண்டு பக்கமும் வாழைமரங்களைக் கட்டி முடித்தபோது காலை பத்து மணி. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் கட்டிப் பழகிய கை. சண்டிலிப்பாய்த் தோட்டங்களுக்கு நடுவே, தகப்பன் விட்டுப்போன புகையிலைக் கொட்டிலில் அவன் களவாக நடத்திய டிஸ்கோவுக்கு அதுதான் வேஷம். வாழைமரமும் யாரோ ஒரு பிள்ளையின் படம் போட்ட பதாகையும் தொங்கினால், பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சடங்கு செய்யும் சாமத்தியவீடு. சாமத்தியவீட்டில் எவ்வளவு சத்தம் கேட்டாலும் ஒருவரும் பொலிசுக்குப் போக மாட்டார்கள்.

இன்று பதாகையில் இருந்தது அவனுடைய சொந்த மகள் தாரிகா.

மண்டபம் எடுப்போம் என்று மனைவி உதயகலா மன்றாடிப் பார்த்தாள். கொட்டிலில் மேடையும் லைற்றும் சும்மா கிடக்கையில் மண்டபம் எதற்கு என்றான் அவன்.

"இண்டைக்கு ஒருநாளாவது உண்மையாச் செய்யுங்கோ. பிள்ளை நம்பி நிக்குது," என்றாள்.

"ஓம்" என்றான்.

மயிலிட்டியில் இதே தொழில் செய்பவன் ஜெயசுதன். போன மாதம் சிவகரன் அங்கே புகுந்து அவனுடைய ஸ்பீக்கர்களையும் அவன் தம்பியின் முழங்காலையும் உடைத்திருந்தான். திருப்பி அடிப்பான் என்று தெரியும். ஆனால் எந்தச் சண்டியனும் சாமத்தியவீட்டுக்குள் வாள் தூக்கி வரமாட்டான். சிவகரன் கணக்கில் விட்ட பிழை ஒன்றுதான்: இங்கே உண்மையில் சாமத்தியவீடு நடக்கும் என்று யார் நம்புவார்கள்?

பதினொரு மணிக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்களில் ஜெயசுதனும் ஆட்களுமாக நாலு பேர் வந்தார்கள். வாசலில் நின்ற சிவகரனின் அக்கா வசந்தினிக்குக் கண் மங்கல். "வாங்கோ தம்பியவை" என்று பன்னீர் தெளித்தாள். அவர்களில் தேனுஜன் என்பவன் பழக்கதோஷத்தில் குனிந்து சந்தனமும் வைத்துக்கொண்டான். பிறகுதான் யூரியாப் பையிலிருந்து வாளை உருவினான்.

ஜெயசுதன் ஒரே வீச்சில் வாழையைச் சரித்துவிட்டு உள்ளே வந்தான்.

"எத்தினை தரமடா உன்ரை மகள் சாமத்தியப்படுவாள்?"

"வேண்டாம் ஜெயசுதன். இண்டைக்கு உண்மையாத்தான்."

"பொலிசுக்குச் சொல்லுற கதையை எனக்குச் சொல்லாதை."

வாள் இறங்கியது. சிவகரன் இடக்கையைத் தூக்கினான். இரண்டு விரல்கள் பயற்றம்பணியாரத் தட்டில் விழுந்தன. விருந்தாளிகள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு சுவரோரம் ஓடினார்கள். மாமன்காரன் உடைப்பதற்கென்று மஞ்சள் பூசி வைத்த தேங்காய் சிவகரனின் வலக்கையில் அகப்பட்டது. ஜெயசுதனின் வாயில் அடித்தான். பல் போனது. மறுபடி அடித்தான். மூன்றாவது அடியில் தேங்காய் இரண்டாகப் பிளந்தது.

தேங்காய் உடையும் சத்தம் கேட்டதும் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மேடைக்குப் பின்னால் நின்றவர்கள் கூச்சலைக் கொண்டாட்டமென்றே நினைத்தார்கள். திரை விலகியது. பாட்டு எழும்பியது. வாழைப்பழத் துண்டுகளில் திரி எரியும் தட்டுகளோடு ஏழு பெண்கள் வந்தார்கள், நடுவில் சிவப்புப் பட்டுச்சேலையில் தாரிகா.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

நிலத்தில் கிடந்த ஜெயசுதன் அவளைப் பார்த்தான். "உண்மையேடா?" என்றான், ரத்தத்துக்குள்ளால்.

நெற்றிச் சந்தனத்தோடு நின்ற தேனுஜனுக்குக் கையில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தான். பரிசுப்பொருட்கள் அடுக்கிய மேசையில், பூக்கடதாசி சுற்றிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் வாளை மெதுவாக வைத்தான்.

சிவகரன் இடக்கையைப் பின்னால் மறைத்தான்.

"அப்பா, கையைக் காட்டுங்கோ," என்றாள் தாரிகா.

அவன் காட்டவில்லை. வீடியோக்காரன் கமெராவை இறக்கவும் இல்லை. அவள் சேலைத்தலைப்பைக் கிழிக்கத் தொடங்கினாள். புதுப்பட்டு, இலேசில் கிழிபடவில்லை.