நெஞ்சுக் கொத்தனார்

சட்டைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடும் அக்கா ஒரு திங்கட்கிழமை காலையில் இருமியபோது, அவள் வாயிலிருந்து ஒரு கைப்பிடி சுவர்க்காரை விழுந்தது. வெள்ளைச் சட்டைமேல் விழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் நீலச் சட்டைகள் வந்தன, தெரிந்துவிட்டது. "வீட்டையே முழுங்கிட்டு வந்தியாடி?" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்; சிரிப்பில் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. நாளாக நாளாகச் செங்கல் தூளும் பூஞ்சணம் பிடித்த சாயமும் வந்தன. அவள் இருமிய அளவுக்கு அவள் வீட்டு மேற்குச் சுவரில் குழி விழுந்தது. சட்டைகள் திரும்பத் திரும்பத் துவைக்கப் போனதால், மாதக் கடைசிக்குள் இருமல் நிற்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

தொழிற்சாலை மருத்துவர் சிவப்பு மருந்து கொடுத்தார், பிறகு பச்சை மருந்து. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார். நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவர் தெரிந்தது, நடுவில் ஆணியோடு. கூட வந்த கணவர் உற்றுப் பார்த்து, "நம்ம வீட்டுச் சுவருதான். அந்த ஆணி நான் அடிச்சது" என்றார். "கோணலா இருக்கும்போதே நெனச்சேன்" என்றாள் அக்கா.

அந்த வாரம்தான் சாப்பாட்டு நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது: இனி எல்லாத் தொழிலாளர்களுக்கும் காப்பீடு உண்டு. இஸ்திரிப் பெட்டிகளின் ஆவிச் சத்தத்தில் அக்காவின் காதில் அது 'காப்பு வீடு' என்று விழுந்தது. கை துடைத்துக்கொண்டு நேரே நலப் பிரிவு அதிகாரியிடம் போனாள். அந்த அம்மாள் அதிகம் பேசாதவர். அவர் பதில் சொல்வதற்குள் ஒரு தேநீரைக் குடித்து முடித்துவிடலாம் என்பார்கள்.

"மேடம், எனக்குக் காப்பு வீடு எப்பத் தருவீங்க?"

"காப்பீடு, அக்கா. வீடு இல்ல. ஆஸ்பத்திரி, மருந்து, ஊசி, அதுக்குத்தான்."

"அதெல்லாம் முடிஞ்சு திரும்ப அந்தச் சுவர் பக்கத்துலதானே படுக்கணும்?" என்று கேட்டு அக்கா இருமினாள். மேசைமேல் அரைச் செங்கல் விழுந்தது. அதிகாரி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்; ஈரமாக இருந்தது. அன்று சாயங்காலம் அக்காவோடு அவள் வீட்டுக்குப் போனார். மேற்குச் சுவருக்குப் பின்னால் கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தது. சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறி, அக்கா தலை வைக்கும் உயரத்தில் நின்றிருந்தது. மறுநாள் அதிகாரி, காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவர் பட்டியலில் ஒரு கொத்தனாரைச் சேர்த்தார். காப்பீட்டு நிறுவனத்து ஆள் தொலைபேசியில் கேட்டார்:

"கொத்தனார் எதுல நிபுணர் மேடம்?"

"நெஞ்சுல."

எக்ஸ்ரே போனது. அதைப் பார்த்ததும் அந்த ஆள் ஒப்புதல் முத்திரை குத்தினார். தன் கைக்காசு போகாது என்று தெரிந்ததும் வீட்டுச் சொந்தக்காரரும் சரி என்றார்.

கொத்தனார் குழாயை மாற்றினார், பழைய காரையைச் சுரண்டினார். கரண்டி சுவரில் படும்போதெல்லாம் தொழிற்சாலையில் அக்காவுக்கு நெஞ்சு கூசியது; காரணமில்லாமல் சிரித்தாள். பூச்சு காயக் காய மூச்சு லேசானது. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் முன்னால் நின்று இருமிக் காட்டினாள். வெறும் காற்றுதான் வந்தது. அவர் நீலச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சரி சரி, பெட்டி சூடாயிடுச்சு, போ" என்றார்.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் போயின. பொத்தான் தைப்பவரின் முழங்கால் எக்ஸ்ரேயில் பேருந்து வராத நீண்ட சாலை ஒன்று தெரிந்தது. அவருக்கு மருந்தாக வீட்டு முனையில் ஒரு பேருந்து நிறுத்தம் எழுதிக் கொடுத்தார்கள். இரவுக் காவலாளிக்கு, பகலில் தூங்க ஒரு கனத்த திரைச்சீலை. வேறு தொழிற்சாலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் ஊரிலும் நல்ல கொத்தனார்களைத் தேடினார்கள்.

கொத்தனாரை இப்போது எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் தெருத்தெருவாக வருவார். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேற்குச் சுவரில் காதை வைத்து, "நல்லா மூச்ச இழுத்து விடுங்க" என்பார். சுவர் இழுத்து விடும். அடுப்படியில் அக்கா கணவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள், மூச்சு விடாமல்.