நாற்பத்து மூன்று இயற்கை ஊற்றுகள்

நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவரை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷன் தலை வாரினால் வகிடுகூட அளந்து போட்ட மாதிரி இருக்கும். அன்று அவர் மேஜையில் விரித்தது மனைவி பிறந்த ஊரின் படம். தலைப்பில் ஊர்ப் பெயர் இல்லை. ‘ஆளில்லா நிலம், பகுதி ஒன்பது.’

கூரை இருந்தால்தான் வீடு என்பது துறையின் விதி. போன வருஷம் ராணுவம் வந்துபோன பிறகு அங்கே சுவர்கள் மட்டும் மிஞ்சின. கூரை எப்படிப் போனது, அதற்கடியில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஆகவே வீடு பூஜ்யம், ஆள் பூஜ்யம். ஆனால் சர்வேயர் நாணயஸ்தர், கண்ணில் பட்டதை எண்ணி எழுதியிருந்தார். கிணறு, நாற்பத்து மூன்று.

கல்யாணமாகி வந்துவிட்டதால் தப்பித்தவள் மனைவி. காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்: “மேற்கால இருக்கற கடைசிக் கிணறு படத்துல இருக்கட்டுங்க. அண்ணன் அதுலதான் கிடக்கான். இடம் தெரிஞ்சா என்னைக்காவது எடுத்துக்கலாம்.” நூலைப் பல்லால் கடித்தாள். அவ்வளவுதான்.

மதியம் இயக்குநர், நாளைய குடியேற்ற விழா உரையை ஒத்திகை பார்த்தபடியே வந்தார். “காலியாகக் கிடந்த மண்ணுக்கு அரசு மனிதர்களைத் தந்தது...” படத்தைப் பார்த்ததும் உரை நின்றது.

“என்னய்யா இது, அம்மை போட்ட மூஞ்சியாட்டம்?”

“கிணறுங்க சார்.”

“ஆளே இல்லாத இடத்துல கிணத்தை யாரு வெட்டினா, பேயா? எடுத்துடு.”

“நீர்நிலையை விடக்கூடாதுன்னு விதி இருக்குங்க சார்.”

விதி என்று கேட்டால் இயக்குநர் எழுந்து நிற்காத குறைதான். யோசித்தார். பெரிய பதவிக்கு மூளை வேண்டாம் என்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

“இயற்கை ஊற்றுன்னு போடு.”

“நாப்பத்து மூணுமா சார்?”

“பூமித்தாய்க்கு நம்ம மேல அவ்வளவு பிரியம்.”

ஸ்கேல் வட்டங்களைப் பிளேடால் சுரண்டிவிட்டு ஊற்றுக் குறிகளைப் போட்டார். இடம் மட்டும் மயிரிழை பிசகவில்லை. மேற்குக் கடைசியை எல்லாவற்றுக்கும் பிறகு வைத்தார்.

மை காய்வதற்குள் ஒருவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். வாசலில் நிற்கும் லாரிகளில் பெண்டாட்டி பிள்ளைகளோடும் புதுத் தகரக் கூரைகளோடும் காத்திருந்தவர்களில் ஒருவன். எங்கோ நிலமில்லாமல் கிடந்து, அரசாங்கம் கூப்பிட்டதும் வந்தவன்.

“அண்ணே, குழந்தைங்க இருக்கு. இதுல எந்தத் தண்ணிய குடிக்கலாம்?”

ஸ்கேலின் விரல் தானாகவே மேற்கு ஓரத்துக்குப் போனது. “இது மட்டும் வேண்டாம்.”

“உப்பா?”

ஸ்கேல் உள்ளறைக் கதவைப் பார்த்தார். இயக்குநரின் உரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகியிருந்தது.

“ஆமா,” என்றார்.

“நல்ல வேளை கேட்டேன். அப்ப அதுல குப்பையக் கொட்டி மூடிடறோம்ணே.” கைகொடுக்க நன்றியோடு கையை நீட்டினான்.

ஸ்கேல் விரலை எடுக்கவில்லை. அதன் அடியிலிருந்து ஈர மை மெல்லக் கசிந்து, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டிருந்தது.