வசந்தத்துக்கு ஆகாத புளி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இரண்டே பருவம். ஒன்று மழை பெய்யும் பருவம், மற்றது மழை பெய்யப்போகும் பருவம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் மூன்றாவதாக வசந்தம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் பக்கத்து ஊரான குனோங் ராபாட்டிலிருந்து கூட்டிவந்தவர் எங்கள் தோட்டத்தின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி ஜெயபாலன்.

அங்கே மருந்துக்கடை வைத்திருந்த சீன முதலாளி லியோங் தவுக்கே. சீனப் பெருநாள் முடிந்த கையோடு, கிராணி தமக்கு இல்லாத ஒரு வியாதிக்கு மருந்து வாங்க அவரிடம் போனார். தவுக்கே நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் வேண்டாம், வசந்தம் பிறந்துவிட்டது, அதற்குத் தக்கபடி இருந்தால் போதும் என்று மலாயில் சொன்னார். கனத்த உடுப்பை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது. புளிப்பைக் குறைத்து இனிப்பைக் கூட்ட வேண்டும். கோபம் ஆகவே ஆகாது, ஈரல் கெட்டுவிடும். இதையெல்லாம் சொன்ன தவுக்கே வெற்று மார்போடு உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். கிராணி அதைக் கவனிக்கவில்லை. கூடப் போயிருந்த நான் கவனித்தேன்.

நான் சின்னக் கிராணி இராமசாமி. கல்யாணம் ஆகாதவன் என்பதால் பெரிய கிராணி வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் தம் உடம்பைப் பற்றி என்ன முடிவெடுத்தாலும் அது என் தட்டில் வந்து விழும்.

கனத்த உடுப்பைக் கழற்றாமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் அதைப் போட்டிருக்க வேண்டுமே! சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன கம்பளிக் கோட்டு பெட்டியில் கிடந்தது. கழற்றாமல் இருப்பதற்காகவே கிராணி அதை எடுத்து மாட்டிக்கொண்டார். விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் அந்த நேரத்திலேயே, அவருக்கு வியர்வை ஆறாக ஓடும். ஆனால் முகத்தில் சிரிப்பு மாறாது. கோபம்தான் ஆகாதே!

"தாமசமா வந்துட்ட வீரம்மா. இன்னிக்கு அரைப்பேருதான். சந்தோசமா போய்ட்டு வா."

அரை நாள் கூலியை வெட்டிவிட்டு இப்படிச் சிரித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? திட்டு வாங்கிப் பழகிய சனம் அந்தச் சிரிப்பைக் கண்டு மிரண்டுபோனது.

வீட்டில் புளிப்பானை வாசலுக்குப் போனது. ரசத்தில் சர்க்கரை விழுந்தது. மீன் குழம்பில் தவுக்கே கடைச் சிவப்புப் பேரீச்சம்பழம் மிதந்தது. அந்த மீன் எதற்காகச் செத்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் மத்தியானம் தண்ணீர் கேட்டு அடுப்படிக்குப் போனேன். கிராணியின் மனைவி சொர்ணம் அக்கா மூலையில் திரும்பி நின்று விரலை நக்கிக்கொண்டிருந்தார். கையில் ஓர் உருண்டைப் புளி. என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, அவருகிட்ட சொல்லிறாதீங்க. மூணு மாசமா முழுகாம இருக்கேன். தெரிஞ்சா மறுபடியும் மருந்துன்னு ஆரம்பிச்சிருவாரு. இந்தப் பிள்ளையாச்சும் எனக்குத் தங்கணும்."

இரண்டு வருடத்துக்கு முன் கிராணி லேகியத்தில் விழுந்திருந்தார். அப்போதும் அக்கா உண்டாகியிருந்தார். ரத்தம் சுத்தமாக ஒன்று, சூடு தணிய ஒன்று, பிள்ளை சிவப்பாகப் பிறக்க ஒன்று என்று வேளைக்கு வேளை கிராணி உருட்டிக் கொடுத்தார். நாலாம் மாதம் கலைந்துவிட்டது. அதற்கும் கிராணியிடம் ஒரு காரணம் இருந்தது. மருந்தை அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம்! அன்று அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருந்தால் சாப்பாடும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும்.

அன்றிலிருந்து நான் புளி கடத்தினேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இருளாயி என்பவள் ஒரு துணியில் முடிந்து கொடுப்பாள், நான் கால்சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். எதற்கென்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு பார்த்தால் லயத்தில் அத்தனை பெண்களுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கிராணி ஒருவருக்குத்தான் தெரியாது. அவரோ தவுக்கேயைப் பார்த்துப் பழகிக்கொண்ட நாடிப் பரீட்சையைத் தினமும் மனைவியிடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"நாக்கக் காட்டு. ம்... ஈரல் நல்லாருக்கு. எல்லாம் புளிய நிறுத்துனதால வந்தது."

அக்கா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

சீனர்கள் முன்னோர் சமாதிகளைக் கூட்டிச் சுத்தம் செய்து படையல் வைக்கும் சிங் மிங் நாள் வந்தது. தவுக்கே எங்களையும் அழைத்திருந்தார். அன்று மலையேறிப் பசும்புல்லை மிதித்தால் வருடம் முழுக்க வியாதி அண்டாது என்று கிராணி எங்கோ கேட்டு வைத்திருந்தார். மனைவியையும் மிதிக்க வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இடுப்பு வலிக்கிறது என்று அக்கா சொல்லிப் பார்த்தார். மிதித்தால் அதுவும் போய்விடும் என்றார் கிராணி.

சுண்ணாம்பு மலையின் அடிவாரத்தில் தவுக்கே குடும்பம் கூடைகளோடு நின்றது. வாட்டிய பன்றி, கரும்பு, தேநீர், மஞ்சள் காகிதம். தவுக்கேயின் சம்சாரம் வழியில் மெல்வதற்காக ஒரு ஜாடி நிறைய உப்பிட்ட புளிப்புப் பிளம் வைத்திருந்தார். எல்லோருக்கும் மரியாதைக்கு நீட்டினார். சொர்ணம் அக்கா ஒன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. பிறகு கணவர் பக்கத்தில் நிற்பதையே மறந்து கையை ஜாடிக்குள் விட்டார்.

ஏழு பெற்ற அந்த அம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்தார், சேலைக் கட்டைப் பார்த்தார். ஜாடியை மூடிவிட்டு, மலைப்பாதையை மறித்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தார்.

"தா போலே! தா போலே நாயிக்!" ஏறக் கூடாதாம்.

"ஏன் கூடாது? இவ உடம்பு நல்லாத்தானே இருக்கு, தினம் நான் பாக்குறேன்லா!" என்று கிராணி மலாயிலும் தமிழிலும் மாறி மாறி வாதாடினார்.

தவுக்கே சிரித்தபடி விளக்கினார். பிள்ளை சுமக்கிற பெண் சிங் மிங் நாளில் சமாதிப் பக்கம் வரக் கூடாது, அது பழைய வழக்கம். மூன்று மாதமாகச் சீன வழக்கத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு இது தெரியாதா என்று அவருக்கு ஆச்சரியம்.

கோட்டுக்குள் கிராணி அசையாமல் நின்றார். என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். பிறகு, பழக்கம் யாரை விட்டது, தவுக்கே பக்கம் திரும்பினார்.

"தவுக்கே, இதுக்கு என்ன மருந்து..."

"வேணாங்க." சொர்ணம் அக்கா குறுக்கே புகுந்து சொன்னார். "ஒரு மருந்தும் வேணாம். போன தடவ ஒழுங்கா சாப்பிடலன்னு சொன்னீங்களே. நீங்க குடுத்தது அத்தனையும் சாப்பிட்டேன். ஒன்னுகூட விடல."

கிராணியின் முகம் சிவந்தது. தவுக்கேவுக்குத் தமிழ் புரியவில்லை. கோபப்படாதீர்கள், ஈரல், ஈரல் என்று மலாயில் பதறினார்.

கிராணி கோபப்படவில்லை. கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கோட்டை மடித்து ஒரு கல்லின் மேல் போட்டு, அக்காவை அதில் உட்காரச் சொன்னார். தாம் மலைக்கு வரவில்லை என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டார்.

பிறகு அந்த அம்மாளிடம் கையை நீட்டி ஜாடியைக் கேட்டு வாங்கினார். மூடியைத் திறந்து, மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை சாப்பிடலாம் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.